பெட்ரோல் வாடை எப்போது அடிக்கிறது?

வண்டிக்குள் பெட்ரோல் வாடை என்று சொன்னதும் மெக்கானிக் கேட்கும் முதல் கேள்வி, "எங்கேர்ந்து வருது?" என்பதுதான். "எப்போ வருது?" என்று கேட்டால் பாதி வேலை மிச்சம். டாடா ஏஸ், மாருதி சூப்பர் கேரி போன்ற சின்ன பெட்ரோல் பிக்கப்களில் எஞ்சின் இருப்பதே சீட்டுக்கு அடியில். எஞ்சின் மூடியைச் சுற்றியிருக்கும் ரப்பர் பீடிங் கிழிந்திருந்தால், எங்கே கசிந்தாலும் வாடை நேராக டிரைவர் மூக்குக்கு வந்துவிடும். மூக்கை நம்பி இடம் பிடிக்க முடியாது. நேரத்தை நம்பலாம்.

அதற்கு முன்னால் ஒன்று. சொட்டுவது கண்ணில் பட்டாலோ, உட்கார்ந்த சில நிமிடத்தில் தலை கிறுகிறுத்தாலோ, எதையும் ஆராய வேண்டாம். எஞ்சினை அணைத்து வெட்டவெளியில் நிறுத்திவிட்டு, வண்டியைக் கட்டி இழுத்துப் போக ஏற்பாடு செய்யுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிட 3, 4 மடங்கு கனம். தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் தேங்கும். சர்வீஸ் பள்ளத்தின் மேல் வண்டியை ஏற்றிவைத்துக் கசிவு தேடுவது அதனால்தான் ஆபத்து. கூண்டு போட்ட குண்டு பல்பைப் பிடித்துக்கொண்டு அடியில் நுழைவது அதைவிட மோசம். பல்பு உடைந்தால் போதும். எல்.இ.டி. டார்ச்சைத் தள்ளி நின்று போட்டுக்கொண்டு கிட்டே போங்கள். லோடில் பவர் ஸ்பிரேயர், பெட்ரோல் கேன், தின்னர் டின் ஏதும் இருக்கிறதா என்றும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்; குற்றவாளி பின்னாலேயே உட்கார்ந்திருப்பதும் உண்டு.

பெட்ரோல் போட்ட அன்று மட்டும் வாடை, டேங்க் பாதியானதும் போய்விடுகிறது என்றால் சந்தேகம் டேங்கின் மேல்பக்கம். பம்ப் உட்காரும் இடத்து சீல், மூடியிலிருந்து டேங்குக்கு இறங்கும் பெரிய ரப்பர் குழாய், மூடியின் வாஷர், இந்த மூன்றையும் பாருங்கள். ரப்பர் குழாயை விரலால் மடக்கினால் வெடிப்பு தெரியும். பெட்ரோல் சீக்கிரம் ஆவியாகிவிடுவதால் ஈரம் இருக்காது. புழுதி படிந்த டேங்கில் ஓரிடம் மட்டும் கழுவிவிட்ட மாதிரி இருந்தால் அதுதான் இடம்.

ஆனால் இந்த வகைப் புகாரில் பெரும்பங்கு நாமே இழுத்துவிட்டுக்கொள்வது என்பது என் கருத்து. பங்க்கில் ஆட்டோ கட் ஆன பிறகும், "ரவுண்டா போடுப்பா" என்று இன்னும் ஒரு லிட்டர் திணிக்கிறோம். டேங்கில் எழும் ஆவியைப் பிடித்துவைக்க கரித்தூள் நிரப்பிய ஒரு டப்பா இருக்கிறது, கேனிஸ்டர் என்பார்கள். அது ஆவிக்கு மட்டுமே ஆனது. விளிம்பு வரை நிரப்பினால் பெட்ரோல் திரவமாகவே அதற்குள் போய், கரி ஊறிக் கெட்டுவிடும். பிறகு ஆவிக்குப் போக்கிடம் வெளிக்காற்றுதான். கேனிஸ்டரைக் கழற்றிக் குலுக்கினால் தளும்புகிறதா, கனக்கிறதா? மாற்ற வேண்டியதுதான்; வெயிலில் காயவைத்தால் சரியாகாது. அங்கிருந்து எஞ்சினுக்குப் போகும் வழியில் பர்ஜ் வால்வு இருக்கும். கழற்றி, சுத்தமான குழாய் ஒன்றைச் செருகி வாயால் ஊதுங்கள். மின்சாரம் இல்லாதபோது காற்று போகக் கூடாது. போனால் வால்வு திறந்தபடி சிக்கிக்கொண்டது. பெட்ரோல் போட்ட உடனே வண்டி ஸ்டார்ட் ஆக அடம்பிடிப்பதும் அதன் அடையாளம்.

காலையில் முதல் ஸ்டார்ட்டில் வாடை, எஞ்சின் சூடானதும் காணோம் என்றால் இன்ஜெக்டர் ஓ-ரிங். குளிரில் சுருங்கிய ரப்பர் சூட்டில் விரிந்து தானே அடைத்துக்கொள்கிறது. வண்டியை மத்தியானம் ஒர்க்‌ஷாப்பில் விட்டால் ஒன்றும் கிடைக்காது. ராத்திரியே விட்டுவிட்டு, காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது பார்க்கச் சொல்லுங்கள்.

வாடை சைலன்சரிலிருந்து, கூடவே கரும்புகை, ஐட்லிங்கில் உதறல் என்றால் பெட்ரோல் எரியாமல் போகிறது. பிளக், காயில், மூடாமல் ஒழுகும் இன்ஜெக்டர் என்று பார்க்க வேண்டும். ஆயில் டிப்ஸ்டிக்கை எடுத்து முகருங்கள். பெட்ரோல் வாடை அடித்து, அளவும் ஏறியிருந்தால் ஆயிலை மாற்றாமல் வண்டியை ஓட்டாதீர்கள்.

மீன் லோடு அடிக்கும் வண்டிகளுக்கு இன்னொரு தொல்லை. பெட்டியிலிருந்து வடியும் உப்பும் ஐஸ் தண்ணீரும் சேஸிஸ் மேல் இறங்கி, இரும்புக் குழாயையும் கிளிப்புகளையும் அரித்துவிடும். அரிசி மண்டி, தவிட்டுக் கடை ஓரம் நிற்கும் வண்டி என்றால் எலியைத் தேடுங்கள். பழைய வண்டிகளில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் ரப்பரைச் சீக்கிரம் கெடுக்கலாம். குழாய் உப்பியோ பிசுபிசுத்தோ இருந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள்.

குழாயைக் கழற்றும் முன் பிரஷரை இறக்க வேண்டும். எஞ்சின் நின்ற பிறகும் லைனில் பிரஷர் இருக்கும். அப்படியே கழற்றினால் சூடான எஞ்சின் மேல் பீய்ச்சும். எரிபொருள் பம்ப்பின் ஃபியூஸை எடுத்துவிட்டு எஞ்சினை ஓடவிட்டால் தானே அணைந்துபோகும். நன்றாக ஆறிய பிறகு பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டுக் கை வையுங்கள். பைக்குக்குப் போடும் சாதாரண டியூப் இங்கே தாங்காது. இன்ஜெக்‌ஷன் லைனுக்கென்றே வரும் குழாய் வேண்டும். மேலே எஸ்ஏஇ ஜே30ஆர்9 என்று அச்சிட்டிருக்கும். பசை தடவி ஒப்பேற்றுவதும், டேங்க் பக்கத்தில் வெல்டிங் வைப்பதும் கூடவே கூடாது.

வேலை முடிந்ததும் எஞ்சினை பத்து நிமிடம் ஐட்லிங்கில் விட்டு, மாற்றிய ஒவ்வொரு ஜாயின்ட்டிலும் டிஷ்யூ தாளை ஒற்றிப் பாருங்கள். மறுநாள் காலை வண்டி ஆறிக் கிடக்கும்போது ஒரு தடவை, டேங்க் நிரப்பிய அன்று ஒரு தடவை. இந்த மூன்று நேரத்திலும் தாள் காய்ந்திருந்து வாடையும் இல்லாவிட்டால்தான் மெக்கானிக்குக் கூலியைக் கொடுக்கலாம்.