நண்பருக்கு ஒரு கடிதம்

கொல்கத்தாவில் கரியாஹாட் என்று ஒரு நாற்சந்தி உண்டு. அங்கே எப்போதும் கூட்டம்தான். நடைபாதை எல்லாம் கடைகள். புடவை வாங்கலாம். செருப்பு வாங்கலாம். பேரம் பேசத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

அங்கிருந்து தெற்கே கொஞ்ச தூரம் நடந்தால் கோல்பார்க் வரும். பழைய புத்தகக் கடைகள் அங்கே இருக்கின்றன. பக்கத்தில் ஒரு பெரிய கட்டடம் தெரியும். அது ராமகிருஷ்ண மிஷனின் பண்பாட்டு நிலையம். 1938இல் தொடங்கப்பட்டது. 1961 முதல் இந்தக் கட்டடத்தில் நடக்கிறது.

இந்த மிஷனை 1897இல் தொடங்கியவர் விவேகானந்தர். அவர் கொல்கத்தாக்காரர். வீட்டில் வைத்த பெயர் நரேந்திரநாதர். மிஷன் தொடங்குவதற்கு நான்கு ஆண்டுகள் முன்னால் அவர் அமெரிக்காவில் தனியாகத் தவித்தார். பணம் கரைந்துகொண்டே இருந்தது. அப்போது தம் கஷ்டத்தைச் சொல்லி யாருக்குக் கடிதம் எழுதினார் தெரியுமா? மதராசில் இருந்த ஒரு பள்ளிக்கூட வாத்தியாருக்கு எழுதினார்.

அந்த வாத்தியாரின் பெயர் அளசிங்கப் பெருமாள். விவேகானந்தரைவிட இரண்டு வயது இளையவர். 1893இல் சிகாகோ நகரில் சர்வ சமய மாநாடு நடக்க இருந்தது. அதற்கு விவேகானந்தரை அனுப்ப வேண்டும் என்று அளசிங்கர் ஆசைப்பட்டார். நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். நன்கொடை திரட்டினார். 1893 மே 31ஆம் தேதி விவேகானந்தர் பம்பாயில் கப்பல் ஏறினார்.

ஜூலை மாதக் கடைசியில் சிகாகோ போய்ச் சேர்ந்தார். அங்கே போன பிறகுதான் விவரம் தெரிந்தது. மாநாடு செப்டம்பரில்தான் தொடங்கும். அதில் பேச அறிமுகக் கடிதம் வேண்டும். அவரிடம் அது இல்லை. அனுப்பி வைத்தவர்களும் அதை யோசிக்கவில்லை!

சிகாகோவில் செலவு அதிகம். அதனால் பாஸ்டன் பக்கம் போனார். ரயிலில் பழக்கமான ஓர் அம்மையார் தம் வீட்டில் தங்க இடம் கொடுத்தார். அந்தக் கிராமத்திலிருந்து ஆகஸ்ட் 20ஆம் தேதி அளசிங்கருக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார்.

அதில் அவர் எதையும் மறைக்கவில்லை. நீங்கள் கொடுத்தது நோட்டாக 170 பவுண்டு, காசாக 9 பவுண்டு. இப்போது கையில் 130 பவுண்டுதான் இருக்கிறது. ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு செலவாகிறது. குளிருக்குத் துணி தைக்கக் கொடுத்திருக்கிறேன், அதற்கு 300 ரூபாய்க்கு மேல் ஆகும். என் உடையைப் பார்க்கத் தெருவில் கூட்டம் கூடுகிறது. இப்படி எல்லாவற்றையும் எழுதினார். இங்கே இருக்க உதவ முடியாவிட்டால் ஊர் திரும்பவாவது பணம் அனுப்புங்கள் என்றும் எழுதினார். அதே கடிதத்தில் அங்குள்ள பெண்கள் சிறையைப் பற்றிச் சொல்கிறார். கைதிகளை அங்கே அன்பாக நடத்துகிறார்கள். அதைச் சொல்லும்போதே நம் நாட்டு ஏழைகளின் நினைப்பு வந்து மனம் உருகுகிறார்.

அக்காலத்தில் அமெரிக்கக் கடிதம் கப்பலில் மதராஸ் வந்து சேர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். அதற்குள் அங்கே நிலைமை மாறிவிட்டது. ரைட் என்ற பேராசிரியர் அவருக்கு அறிமுகக் கடிதம் கொடுத்தார். விவேகானந்தர் மறுபடி சிகாகோ போனார். ஆனால் போக வேண்டிய இடத்தின் விலாசத்தைத் தொலைத்துவிட்டார்! ஓர் இரவு ரயில் நிலையத்தில் காலிப் பெட்டி ஒன்றில் படுத்துத் தூங்கினார் என்று அவர் வரலாற்றில் எழுதியிருக்கிறார்கள். விலாசம் எழுதிய சீட்டைப் பத்திரமாக வைக்க வேண்டும் என்பது படித்தவர்களுக்கும் பொருந்தும்தானே?

செப்டம்பர் 11ஆம் தேதி மாநாட்டில் பேசினார். ஒரே நாளில் புகழ் பெற்றார். பணம் கேட்டு எழுதிய கடிதம் அன்று கடலில் மிதந்துகொண்டு இருந்திருக்கும்.

நவம்பர் 2ஆம் தேதி அளசிங்கருக்கு எழுதிய கடிதம் இன்னும் அருமையானது. முதலில் மன்னிப்புக் கேட்கிறார். கையில் காசு இல்லாத நேரம், மனம் தளர்ந்துவிட்டது, அதனால் உங்களுக்குச் சிரமம் கொடுத்துவிட்டேன் என்கிறார். பிறகுதான் மாநாட்டுச் செய்தி வருகிறது. பேச எழுந்தபோது நெஞ்சு படபடத்தது, நாக்கு வறண்டது என்று ஒளிக்காமல் சொல்கிறார்.

மதராஸ் நண்பர்கள் மீதும் ஒரு குறை இருந்தது. இவர் இந்துக்களின் சார்பில் வந்தவரா என்று அமெரிக்காவில் சிலர் கேள்வி கேட்டார்கள். ஊரில் ஒரு கூட்டம் போடுங்கள், அந்தத் தீர்மானத்தை இங்கே அனுப்புங்கள் என்று விவேகானந்தர் எழுதினார். 1894இல் மதராசில் கூட்டம் நடந்தது. கொல்கத்தாவில் செப்டம்பர் 5ஆம் தேதி நடந்தது. ஆனால் செய்தி போய்ச் சேரத் தாமதமானது. அந்த ஆண்டுக் கடிதங்களில் அவருடைய வருத்தம் தெரிகிறது. கொஞ்சம் கோபமும் தெரிகிறது. ஊரில் இருப்பவர்களுக்கு ஒரு கடிதம் சின்ன வேலை. தூரத்தில் இருப்பவருக்கு அப்படி இல்லை.

இன்றும் பலர் சமயப் பணிக்காக ஊரை விட்டுப் போகிறார்கள். கன்னியாஸ்திரீயாகப் போகிறவர் உண்டு. ராமகிருஷ்ண மடத்தில் சேருகிறவர் உண்டு. அவர்களுக்கு எழுதும்போது பெயரைக் கவனிக்க வேண்டும். ராமகிருஷ்ண மடத்தில் துறவியானால் பழைய பெயர் போய்விடும். 'ஆனந்தர்' என்று முடியும் புதுப் பெயர் வரும். உறையில் அந்தப் பெயரைத்தான் எழுத வேண்டும். அவர்களை 'மகராஜ்' என்று அழைப்பது வழக்கம். கூடப் படித்தவர் ஆயிற்றே என்று 'டேய்' போட முடியாது! ஊரின் பெயரும், ஆறு எண் உள்ள பின்கோடும் மறக்க வேண்டாம்.

துறவிக்கு வீட்டுச் செய்தி எழுதலாமா என்று சிலர் தயங்குவார்கள். விவேகானந்தர் துறவியான பிறகும் தம் தாயாரை நினைத்துக் கவலைப்பட்டார். தாயாருக்கு உதவும்படி 1898இல் கேத்ரி மன்னருக்குக் கடிதம் எழுதினார்.

கரியாஹாட்டில் புடவைக் கடையில் வேலை செய்யும் ஒருவர் தம் நண்பருக்கு இப்படி எழுதலாம்:

மதிப்புக்குரிய மகராஜ் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் கடிதம் வந்தது. அங்கே மழை விடவில்லை என்று எழுதியிருந்தீர்கள். காய்ச்சல் குறைந்ததா? போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் அம்மாவைப் பார்த்தேன். கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. "நீ இளைத்துவிட்டாயே" என்று என்னைப் பார்த்துச் சொன்னார்கள். அப்படியானால் பார்வை நன்றாகத் தெரிகிறது! துர்கா பூஜை நெருங்குகிறது. கடையில் உட்கார நேரம் இல்லை. பள்ளிப் பிள்ளைகளுக்கு நோட்டு வேண்டுமா? எத்தனை என்று எழுதுங்கள். வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்கிறார் என்று போன தடவை எழுதினேன். அது பேசித் தீர்ந்துவிட்டது. கவலை வேண்டாம்.

பயிற்சி

1. 179 பவுண்டில் 130 பவுண்டு மீதி. செலவான தொகை எவ்வளவு?

2. மேலே உள்ள கடிதத்தில் இடமும் தேதியும் இல்லை. அவற்றை எங்கே எழுத வேண்டும்? எழுதிக் காட்டுங்கள்.

3. தூரத்தில் இருக்கும் உங்கள் நண்பர் ஒருவருக்கு ஓர் இன்லேண்டு லெட்டர் எழுதுங்கள். போன கடிதத்தில் ஏதாவது கஷ்டம் எழுதியிருந்தால், அது என்ன ஆயிற்று என்று முதலில் எழுதுங்கள்.