வில் வைத்தால் விசில்!

கேள்வி: பல வருடங்களாக சர்ச் இசைக்குழுவில் பாஸ் கிடார் வாசிக்கிறேன். இப்போது பழைய டபுள் பாஸ் ஒன்று கைக்கு வந்திருக்கிறது. விரலால் மீட்டினால் நன்றாகப் பேசுகிறது. வில் வைத்தால் மட்டும், முக்கியமாக இ தந்தியில், விசில் சத்தம், அழுத்தினால் கரகரப்பு. கோளாறு எங்கே? ஜெர்மன் வில், பிரெஞ்சு வில் இரண்டில் எது நல்லது?
- வாசகர், கோவை

பதில்: கோளாறு பெரும்பாலும் உங்கள் வேகத்தில். ரோசின் என்ற பிசின் பூசிய வில்முடி தந்தியைப் பற்றி இழுக்கிறது, தந்தி நழுவித் திரும்புகிறது, மறுபடி பற்றுகிறது. வயலினின் அடித்தந்தியில் இது நொடிக்கு 196 தடவை நடக்கும். உங்கள் இ தந்தியில் சுமார் 41 தடவைதான். அவ்வளவு தடித்த தந்தி அசைந்து கொடுக்கவே நேரம் எடுக்கும். வில்லை விரட்டினால் முடி மேலோடு வழுக்கிப்போய், அடிநாதம் எழாமல் விசில்தான் மிஞ்சும். அதற்காக மணிக்கட்டால் அமுக்கினால் கரகரப்பு.

வில்லின் அடிப்பக்கத்தைத் தந்தியில் வைத்துவிட்டு, இழுக்காமல் சற்று நில்லுங்கள். தோளைத் தளர்த்தினால் கையின் கனம் தானாக இறங்கும். முடி தந்தியைக் கவ்வுவது விரலுக்கே தெரியும். பிறகு இழுங்கள். மெட்ரனோம் 60-இல், ஓர் இழுப்புக்கு நான்கு தட்டு. முதலில் டி, ஏ, இ கடைசியில். எதிரே கண்ணாடி இருக்கட்டும். நுனியை நெருங்கும்போது வில் கோணிக்கொள்வது கிட்டத்தட்ட எல்லோருக்கும் வரும் வியாதி. அது பிரிட்ஜுக்கு இணையாகவே ஓட வேண்டும். சில வாரங்களுக்கு இடது கைக்கு வேலையே தராதீர்கள். வீட்டார் பொறுத்துக்கொள்வார்களா என்பது வேறு விஷயம்.

ரோசினையும் பாருங்கள். வயலின் ரோசின் இதற்குக் கெட்டி, பிடிப்புப் போதாது. பாஸுக்கென்றே விற்கும் பிசுபிசுப்பான ரோசின் வேண்டும். அதை அடியிலிருந்து நுனிவரை ஒரே திசையில் நாலைந்து தடவை தேய்த்தால் போதும். நம் ஊர் வெயிலில் அது இளகி ஓடும், காரில் விட்டுவைக்காதீர்கள். ஜாஸ்காரர்கள் மீட்டுவதற்கென்று போடும் தந்திகளும் உண்டு. அவை வில்லுக்கு லேசில் மசியாது. பழைய வாத்தியம் என்கிறீர்கள், எந்தத் தந்தி என்று விசாரித்துவிடுங்கள்.

ஜெர்மன் வில்லைப் பக்கவாட்டில் கைகுலுக்குவது போலப் பிடிப்பார்கள். பிரெஞ்சு வில்லை செல்லோ வில் போல மேலிருந்து. இரண்டிலும் மேதைகள் இருக்கிறார்கள். உங்களுக்குக் கிடைக்கும் ஆசிரியர் எதைப் பிடிக்கிறாரோ அதையே வாங்குங்கள். செல்லோ ஆசிரியர்தான் கிடைப்பார் என்றால், யோசிக்காமல் பிரெஞ்சு.

இடது கைக்கு வரும்போது கிடார் பழக்கம் குறுக்கே நிற்கும். இ, ஏ, டி, ஜி சுருதி ஒன்றுதான். ஆனால் பாஸ் கிடார் தந்தியின் நீளம் வழக்கமாக 86 செ.மீ.; இதில் பெரும்பாலும் 104 செ.மீ.க்குக் குறையாது. ஃப்ரெட்டுக்கு ஒரு விரல் என்று நீட்டினால் கை வலிக்கும். கழுத்தின் கீழ் ஸ்தானங்களில் சிமாண்டல் என்பவரின் டபுள் பாஸ் பாடநூல் சொல்லும் 1, 2, 4 விரல் முறையைப் பின்பற்றுங்கள். மூன்றாம் விரல் நான்காவதுக்குத் துணையாக அழுத்தும்.