காந்தம் ஒட்டினால் விண்கல்லாகிவிடுமா?

கைப்பேசியில் இப்படியொரு விளம்பரத்தை நீங்கள் பார்த்திருக்கக்கூடும். உள்ளங்கையளவு கருப்புக் கல். அதன்மேல் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு காந்தம். கீழே, 'அசல் விண்கல், காந்தச் சோதனை செய்யப்பட்டது, விலை நாலாயிரம் ரூபாய்' என்ற வாசகம். அறிவியல் கண்காட்சியில் இதை வைத்தால் பள்ளியே திரண்டு வந்து பார்க்குமே என்ற ஆசை எழுவது இயல்புதான். ஆனால், உண்டியலை உடைக்குமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மணவாளக்குறிச்சிக் கடற்கரைக்குப் போய் வாருங்கள்.

பழைய ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தம் ஒன்றைக் காகிதத்தில் சுற்றி, அங்குள்ள கருமணலில் துழாவுங்கள். கருப்பு மணிகள் மீசைபோல் ஒட்டிக்கொண்டு வரும். மேக்னடைட், இல்மனைட் போன்ற இரும்புக் கனிமங்கள் இவை. வானத்திலிருந்து விழுந்தவை அல்ல. பாறைகள் சிதைந்து, ஆறுகளும் அலைகளும் கொண்டுவந்து சேர்த்தவை. இங்குள்ள ஐ.ஆர்.இ.எல். நிறுவனம் கனிமங்களைப் பிரித்தெடுக்கக் காந்தங்களையும் பயன்படுத்துகிறது. ஆகவே காந்தம் ஒட்டுவது இரும்புக்குச் சாட்சி. விண்வெளிக்குச் சாட்சி அன்று.

அப்படியானால் காந்தச் சோதனை வீணா? இல்லை. பூமியில் விழும் விண்கற்களில் பெரும்பாலானவற்றில் இரும்பும் நிக்கலும் கலந்த உலோகத் துகள்கள் உண்டு. எனவே காந்தத்தைச் சற்றும் பொருட்படுத்தாத கல்லைப் பெரும்பாலும் ஒதுக்கிவிடலாம். ஒதுக்குவதற்கு உதவும் சோதனையை விற்பனையாளர் உறுதிப்படுத்தும் சோதனையாகக் காட்டுகிறார். சூழ்ச்சி இங்கேதான் இருக்கிறது. (மெய்யான விண்கல் கிடைத்தால் வலுவான காந்தத்தை அதன் அருகே கொண்டுபோகாதீர்கள். கோடானுகோடி ஆண்டுகளாக அதில் பதிந்திருக்கும் காந்தத் தடயம் அழிந்துவிடும். திசைகாட்டியின் முள் அசைகிறதா என்று பார்த்தாலே போதும்.)

அடுத்ததாக, உங்கள் பள்ளி ஆய்வகத்திலேயே செய்யக்கூடிய சோதனை. ஆர்க்கிமிடீஸ் தத்துவத்தைப் படித்திருக்கிறீர்கள் அல்லவா? கல்லை நூலில் கட்டி வில்தராசில் தொங்கவிட்டு எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு, பாத்திரத்தின் அடியைத் தொடாமல் அதை நீரில் முழுவதும் மூழ்கவைத்து மீண்டும் எடை பாருங்கள். காற்றில் 500 கிராம், நீரில் 315 கிராம் என்று வைத்துக்கொள்வோம். எடையிழப்பு 185 கிராம். 500ஐ 185ஆல் வகுத்தால் 2.7. இது கல்லின் ஒப்படர்த்தி. நம் மாவட்டத்து மலைகளில் நிறைந்திருக்கும் சார்னோகைட் பாறைக்கும் ஏறத்தாழ இதே மதிப்புதான்! சாதாரணக் கல்வகை விண்கற்களுக்கு இது 3.2 முதல் 3.8 வரை இருக்கும். இரும்பு விண்கற்களுக்கு 8ஐ நெருங்கும். மேக்னடைட்டுக்கு 5.2, இரண்டுக்கும் இடையில் அகப்பட்டுக்கொள்கிறது.

வாங்குமுன் இந்த இரண்டு எடைகளையும் படம்பிடித்து அனுப்பும்படி விற்பவரிடம் கேளுங்கள். ஒரு தராசும் ஒரு வாளித் தண்ணீரும் போதும். நேர்மையானவருக்கு இது ஒரு சிரமமே அன்று.

ஆனால் கொல்லன் உலையிலும் இரும்பு ஆலையிலும் கிடைக்கும் கிட்டம் இருக்கிறதே, அது பொல்லாதது. கருப்பு நிறம், கனம் எல்லாம் பொருந்தும். காந்தத்திலும் சில சமயம் ஒட்டும். இணையத்தில் விண்கல் வேடம் போடுவனவற்றில் இதற்கு முக்கிய இடம் உண்டு. இதைக் காட்டிக்கொடுப்பவை அதிலுள்ள குமிழித் துளைகள். உருகிய கிட்டத்தில் வாயு சிக்கி உண்டான துளைகள் அவை. விண்கல்லின் மேற்பரப்பில் பிசைந்த மாவில் கட்டைவிரலால் அழுத்தியது போன்ற பள்ளங்கள் இருக்கலாம். பஞ்சு போன்ற துளைகள் இருப்பது மிக அரிது. காற்றில் உரசி உருகியதால் உண்டாகும் கருந்தோலும் ஒரு மில்லிமீட்டருக்கும் மெலிதாகவே இருக்கும்.

தரை ஓட்டின் மெருகில்லாத பின்புறத்தில் கல்லை உரசிப் பாருங்கள். செந்தூரம் போன்ற கோடு விழுந்தால் அது ஹேமடைட். அடர்ந்த கருங்கோடு விழுந்தால் மேக்னடைட். புதிய விண்கல் பெரும்பாலும் கோடே போடாது.

பழைய வார்ப்பிரும்புத் துண்டையே இரும்பு விண்கல் என்று விற்றால்? காந்தமும் ஒட்டும், ஒப்படர்த்தியும் 7க்கு மேல் வரும். இங்கே நிக்கல் துணைக்கு வருகிறது. இரும்பு விண்கற்களில் நிக்கல் பெரும்பாலும் 5 சதவீதத்துக்கு மேல் இருக்கும். அவற்றில் பலவற்றை அறுத்து, மெருகிட்டு, அமிலம் தடவினால் பாய்முடைந்தது போன்ற கோடுகள் தோன்றும். விட்மான்ஸ்டாட்டன் கோலம் என்பது இதன் பெயர். சிறுகோள்களின் உள்ளே உலோகம் பல லட்சம் ஆண்டுகள் மெல்ல மெல்லக் குளிர்ந்ததால் உண்டான படிகங்கள் இவை. எந்த ஆலையிலும் இதை வளர்க்க முடியாது.

கல்லோடு கதையும் விற்கப்படும். 'விழுந்தபோது புகைந்தது, புல் கருகியது' என்பார்கள். சிறிய விண்கற்கள் வளிமண்டலத்தில் வேகமிழந்து, குளிர்ந்த பின்பே தரையைத் தொடுகின்றன. 2016 பிப்ரவரியில் நாட்டறம்பள்ளி அருகே ஒரு பொறியியல் கல்லூரியில் வெடிப்பு நிகழ்ந்து ஒருவர் உயிரிழந்தார். விண்கல் தாக்கி மாண்டவர் என்று உலகெங்கும் செய்தி பரவியது. படங்களைப் பார்த்த நாசா அறிவியலாளர்களோ, இது தரையிலேயே நிகழ்ந்த வெடிப்பைப் போல இருக்கிறது என்றார்கள். அறிஞர்களே ஆராய்ந்து பேசவேண்டிய ஒன்றை விற்பனையாளர் இரண்டே வரியில் முடித்துவிடுகிறார்!

மெய்யான விண்கல்லுக்குப் பதிவான பெயர் உண்டு. 1857இல் அன்றைய மதுரை மாவட்டத்தில் விழுந்த பர்னல்லி, 2008இல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் விழுந்த சூளகிரி ஆகியவை அத்தகையவை. அனைத்துலக விண்கல் ஆய்வுச் சங்கத்தின் பெயர்ப்பட்டியலை இணையத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். பதிவு பெற, கல்லின் ஒரு பகுதியை ஏதேனும் ஓர் ஆய்வு நிலையத்தில் ஒப்படைத்திருக்கவேண்டும். எனவே விற்பவரிடம் பெயரைக் கேளுங்கள். பெயர் சொன்னாலும், 'அந்தக் கல்லின் துண்டுதான் இது என்பதற்கு என்ன சான்று? யாரிடம் வாங்கினீர்கள்?' என்று அடுத்த கேள்வியையும் கேளுங்கள். இந்தியாவில் விழுந்த கல் என்று சொன்னால் இன்னும் விழிப்பாக இருங்கள். நம் நாட்டில் விழும் விண்கற்களைச் சேகரித்துப் பாதுகாக்கும் பொறுப்பு இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்துடையது. அதன் விண்கல் தொகுப்பு கொல்கத்தாவில் இருக்கிறது.