முரசில் இரத்தமா? மூலிகை எவ்வளவு உதவும்?

"பல் விளக்கினா ரத்தம் வருதுங்க. கொய்யா இலை மென்னா சரியாப் போயிடுமா?" லயங்களுக்குப் போகும்போது நம்மிடம் பலர் கேட்கும் கேள்வி இது. இதற்குப் பதில் சொல்லுமுன் நோயைத் தெரிந்துகொள்வோம்.

பல்லும் முரசும் சேரும் இடத்தில் கிருமிகள் ஊத்தையாகப் படிகின்றன. அதனால் முரசு சிவந்து வீங்கும், இரத்தம் கசியும். வலி இருக்காது, ஆகவே யாரும் கவனிப்பதில்லை. ஊத்தை நாளடைவில் கல்லாக இறுகும். பிறகு பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு கரைந்து பல் ஆடத் தொடங்கும்.

இதற்கு நம் தோட்ட மக்களே சாட்சி. 1970இல் ஹரால்ட் லோ என்ற நோர்வே நாட்டு அறிஞரின் குழு, நம் நாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளர்களின் வாயைப் பரிசோதித்தது. 15 வருடம் திரும்பத் திரும்ப வந்து பார்த்தது. பிரஷ் பிடித்துப் பல் விளக்கும் பழக்கம் அவர்களுக்கு இருக்கவில்லை. 1986இல் முடிவு வெளியானது. நூற்றுக்கு 8 பேருக்கு நோய் வேகமாகவும், 81 பேருக்கு மெதுவாகவும் முற்றியது. 11 பேருக்கு மட்டும் முரசு வீக்கத்தோடு நின்றது. யார் அந்த 11 பேரில் ஒருவர் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

இனி மூலிகைக்கு வருவோம்.

வேம்பு: வேப்பிலைச் சாறு கலந்த நீரால் வாய் கொப்பளித்தவர்களுக்கு ஊத்தையும் முரசு வீக்கமும் குறைந்ததாக இந்தியாவில் நடந்த சில சோதனைகள் காட்டுகின்றன.

தேயிலை: நாம் பறிக்கும் கொழுந்திலுள்ள கெட்டக்கின் என்ற பொருள், முரசு நோய்க் கிருமிகளை அடக்குவதாக ஆய்வுகூடத்தில் கண்டிருக்கிறார்கள். கறுப்புத் தேயிலையைவிடப் பச்சைத் தேயிலையில் இது அதிகம். ஆனால் சீனி போட்ட தேத்தண்ணி பல்லுக்குக் கெடுதிதான்.

கராம்பு: பல்வலியைச் சற்று மரக்கச் செய்யும். தனி எண்ணெயை முரசில் தடவினால் புண்ணாகும்.

கொய்யா இலை: இதன் சாற்றுக்கும் கிருமியை அடக்கும் குணம் உண்டு.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. எந்தச் சாறும் இறுகிய கல்லைக் கரைக்காது. கரைந்த எலும்பையும் திருப்பித் தராது. கல்லைப் பல் வைத்தியர்தான் சுரண்டி எடுக்க வேண்டும். மூலிகை துணைக்கு வரும். வைத்தியத்துக்குப் பதிலாக வராது.

வெற்றிலை போடுபவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். வெற்றிலைச் சிவப்பில் இரத்தம் கசிவது தெரியாமலே போய்விடும். புகையிலையும் பாக்கும் வாய்ப்புற்றுநோயைக் கொண்டுவரும்.

நாம் செய்ய வேண்டியவை:

1. காலையிலும் படுக்கப் போகுமுன்னும் மெதுவான பிரஷ்ஷாலும் பற்பசையாலும் பல் விளக்குங்கள். செங்கல் தூள், மணல், கரி வேண்டாம்.

2. முரசு வீங்கினால் ஒரு கப் இளஞ்சூட்டு நீரில் அரைத் தேக்கரண்டி உப்புப் போட்டுக் கொப்பளியுங்கள்.

3. இரண்டு வாரத்திலும் இரத்தம் நிற்காவிட்டால், பல் ஆடினால், சீழ் வந்தால் அரசாங்க ஆஸ்பத்திரிப் பல் சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். அங்கே காசு வாங்குவதில்லை.

4. கர்ப்பிணித் தாய்மாரும் நீரிழிவு உள்ளவர்களும் இரத்தம் கண்டவுடனே காட்டுங்கள்.

ஒருநாள் பேர் போகுமே என்று தள்ளிப்போட்டால் பல்லே போய்விடும்.