தொண்டும் சம்பளமில்லாப் பயிற்சியும்

கேள்வி: கைத்தறித் தொழில்நுட்பத்தில் பட்டயம் பெற்ற என் மகனை, இவ்வூர்ப் பட்டு ஜவுளி நிறுவனத்தார் ஒருவர், ஆறு மாத காலம் சம்பளமின்றிப் பயிற்சிக்கு வரச் சொல்லுகிறார். காலை ஒன்பது மணி முதல் இரவு எட்டு மணி வரை வேலை. ஞாயிறுதோறும் அவன் ஏகாம்பரநாதர் கோயிலில் உழவாரப்பணி செய்கிறவன். "அங்கே கூலி கேளாதவன் இங்கே மட்டும் கேட்பானேன்?" என்கிறார் என் தமையனார். இது முறைதானா? சட்டம் என்ன சொல்லுகிறது?
– ஒரு வாசகர், பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்

பதில்: தங்கள் தமையனாரின் வினா எளிதில் தள்ளத்தக்கதன்று. அப்பர் பெருமான் உழவாரம் ஏந்திய காலந்தொட்டே கூலி வேண்டாத தொண்டு நம் நாட்டில் பெருமைக்குரியதாக இருந்து வருகிறது. 2019ஆம் ஆண்டில் அத்திவரதர் 48 நாள் காட்சி தந்தருளியபோது, திரண்டு வந்த ஜனங்களுக்குத் தாகம் தீர்த்தும், முதியோரைக் கைத்தாங்கலாக அழைத்துச் சென்றும் உழைத்த தொண்டர்கள் சம்பளத்தை நினைத்து வந்தவரல்லர். ஆயினும் அவர்கள் தாமே விரும்பி வந்தனர், விரும்பியபோது வீடு திரும்பினர். அவர்களுடைய பிரயாசையை விற்று லாபம் கண்டவர் ஒருவருமிலர். தங்கள் குமாரனுடைய உழைப்பில் உருவாகும் சேலையோ கடையில் விலைபோகும், அப்பணம் முதலாளியின் பெட்டியில் சேரும். கோயிலிலுங்கூட, சம்பளம் பெறவேண்டிய ஊழியரின் இடத்தைத் தொண்டரைக் கொண்டு நிரப்புவது நியாயமன்று என்பதே என் கருத்து.

தொழில் பழக்குவதாகச் சொல்லி நிகழ்ந்த கொடுமைகளைக் காஞ்சியில் வாழும் தாங்கள் அறியாதவரல்லர். கோர்வைச் சேலையில் உடலுக்கும் கரைக்கும் வெவ்வேறு நாடா ஓடவேண்டியிருப்பதால், நெய்பவருக்குத் துணையாக மறுபக்கத்தில் மற்றொருவர் அமர்வது வழக்கம். அந்த இடத்தில், பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்கு ஈடாக, பள்ளியில் இருக்கவேண்டிய குழந்தைகளை உட்காரவைத்து, சொற்பக் காசு கொடுத்து, வருஷக்கணக்கில் வேலை வாங்கிய தறிகள் இருந்தன. 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் அத்தகைய கடனையே செல்லாததாக்கியிருந்தும், பட்டுத் தொழிலில் சிக்கிய குழந்தைகளைப் பற்றி 2003ஆம் ஆண்டில் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்னும் சர்வதேச ஸ்தாபனம் வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரத்தின் பெயரும் இடம்பெற்றது. பட்டயம் பெற்ற இளைஞனின் நிலை அதுவன்று என்பது உண்மையே. எனினும் கற்பிக்கிறோம் என்ற பெயரால் உழைப்பை இலவசமாகக் கொள்ளும் மனப்பான்மை இரண்டிலும் ஒன்றாகவே இருப்பதைக் கண்டு என் மனம் பதறுகிறது.

இனிச் சட்டம். 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டத்தின்கீழ் ஒருவரைச் சேர்ப்பதானால், ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யவேண்டும். மாதாந்தர உதவித்தொகை அளிக்கவேண்டும். உரிய அதிகாரியின் சம்மதமின்றி மிகைநேர வேலை வாங்கலாகாது. 2019ஆம் ஆண்டில் விதிகள் திருத்தப்பட்டபோது, பட்டயதாரிக்குரிய குறைந்தபட்சத் தொகை மாதம் 8,000 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டது. அச்சட்டத்தின்கீழ்ச் சேர்க்காமல், மற்ற ஊழியரைப் போலவே நாள்முழுதும் வேலை வாங்கிவிட்டுப் 'பயிற்சியாளன்' என்று பெயரிட்டுவிட்டால் மட்டும் குறைந்தபட்ச ஊதியம் தரும் கடமை நீங்கிவிடாது. அரசியலமைப்பின் 23ஆம் பிரிவு கட்டாய உழைப்பைத் தடுக்கிறது; 1982ஆம் ஆண்டில், ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டட வேலையாட்களைப் பற்றிய வழக்கில், குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவது கட்டாய உழைப்பே என்றும், வறுமையின் நெருக்கடியும் ஒருவகைப் பலவந்தமே என்றும் நீதிபதி பகவதி முதலியோர் அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு தீர்ப்பளித்தது. 'அவனே சம்மதித்து வந்தான்' என்னும் சமாதானத்துக்கு அத்தீர்ப்பின் முன் வலிமை குறைவு. கல்லூரிப் பாடத்திட்டத்தின் அங்கமாக மாணவர் செய்யும் பயிற்சியைக் குறித்துச் சட்டம் இத்துணைத் தெளிவாகப் பேசவில்லை. தங்கள் குமாரன் படிப்பை முடித்துவிட்டவனாதலால் அந்த ஐயம் இங்கு எழவில்லை.

ஆகவே அந்நிறுவனத்தாரிடம் பணிவுடன், ஆனால் எழுத்து மூலமாக, பழகுநர் ஒப்பந்தம் பதிவு செய்வார்களா என்று கேளுங்கள். இசைந்தால் தயங்காமல் அனுப்பலாம். மறுத்தால் அனுப்பவேண்டாம். ஏற்கெனவே வேலைக்குச் செல்லத் தொடங்கியிருந்தால், வந்த நேரம், போன நேரம், செய்த வேலை ஆகியவற்றை அன்றாடம் ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்துவரச் சொல்லுங்கள். தொழிலாளர் துறை அலுவலகத்தில் ஊதியம் கோரி மனுக்கொடுக்க நேரும்போது அக்குறிப்பு சாட்சியமாகப் பயன்படும்.