இலத்தீன் முதுமொழிகளும் தமிழ்ப் பொருளும்

கொள்ளுப்பிட்டியிலிருந்து காலி வீதி வழியே இரத்மலானைக்குச் செல்லும் மாணவன், இலத்தீன் முதுமொழிகளைத் தம் குறிக்கோளுரையாகக் கொண்ட கல்லூரிகளைக் கடந்தே செல்கின்றான். அவற்றின் ஆங்கிலப் பொருளை நம்மிற் பலர் அறிவர். ஆங்கிலத்தை இடையே நிறுத்தாது, இலத்தீனைத் தமிழோடு நேரே ஒப்புநோக்கின் பொருள் மேலும் விளங்கும். மூன்றினை ஈண்டு ஆராய்வோம்.

பம்பலப்பிட்டியில் 1922ஆம் ஆண்டு தோன்றிய புனித பீற்றர் கல்லூரியின் மொழி ‘விர்த்துஸ் எத் வெரித்தாஸ்’ என்பது. இதன் முதற்சொல் ஆங்கிலத்திற் புகுந்து, நற்குணம் என்னும் பொருளளவில் நின்றது. இலத்தீனிலோ ‘விர்’ என்பது ஆண்மகனைக் குறிக்கும். அதனடியாகப் பிறந்தது ‘விர்த்துஸ்’. ஆண் என்னும் சொல்லினின்று ஆண்மை பிறந்த முறையும் இதுவே. வீரமும் மனத்திண்மையும் அதனுள் அடங்கும். எனவே, ‘ஆண்மையும் வாய்மையும்’ என்பதே நேரிய பொருள். திண்மையில்லாதவன் வாய்மையைக் காத்தல் அரிதன்றோ?

கறுவாத்தோட்டத்து றோயல் கல்லூரியின் மொழி ‘டிஸ்கே அவுட் டிஸ்கேடே’ என்பது. படி, இல்லையேல் வெளியேறு என்பது கருத்து. முதற்சொல்லின் ஒலி இறுதிச் சொல்லினுள்ளும் அடங்கியிருத்தலே இதன் நயம். ஆங்கிலத்தில் அந்நயம் மறைகின்றது. தமிழிலோ, ‘கல், அன்றேல் அகல்’ எனின், பொருளும் ஒலியும் ஒருங்கே அமைகின்றன. இது கூட்டத்தை நோக்கிய ஏவலன்று. ஒருமையில், ஒவ்வொரு மாணவனையும் தனித்தனியே நோக்கிய ஏவலாகும்.

1851இல் முகத்துவாரத்தில் தொடங்கி, 1918இல் கல்கிசைக்குப் பெயர்ந்த புனித தோமையார் கல்லூரியின் மொழி ‘எஸ்தோ பெர்பேத்துவா’ என்பது. ‘என்றும் நிலைத்திரு’ என்பது பொருள். வெனிசு நாட்டறிஞர் பவுலோ சார்ப்பி 1623இல் உயிர் நீங்குங்காலை, தம் நாட்டை நோக்கி இவ்வாறு வாழ்த்தினார் என்பது வழிவழி வந்த செய்தி. இறுதிச் சொல் பெண்பாலீறு பெற்றது. இங்குத் தமிழும் ஆங்கிலமும் ஒருங்கே குறைபடுகின்றன. ‘தாயே’ என்னும் விளியைச் சேர்த்தாலன்றி அக்கனிவு தோன்றாது.

பழைய மாணவர்காள்! நம் கல்லூரியின் குறிக்கோளுரையை நாமனைவரும் மனப்பாடமாகச் சொல்வோம். அதன் பொருளை நம் மக்கள் வினவின், சொல்லுக்குச் சொல் விளக்க வல்லேமா? விழாக்காலத்தில் அதனை ஒருமுறை ஆராய்ந்து அறிவோமாக. பொருளுணர்ந்து ஓதுவோர் உள்ளவரையே முதுமொழி உயிர்பெற்றிருக்கும். உணராவிடின் அது வாயிலில் வரைந்த வெற்றெழுத்தேயாம்.