அடிபட்ட ஆயில் சேம்பரை மாற்றுவது எப்படி?

காய்கறி, பால் கேன், உர மூட்டை ஆகியவற்றை ஏற்றிச் செல்லப் பழைய கார் அல்லது ஜீப் வைத்திருக்கும் சிறு விவசாயிகள் பலர் உண்டு. இவ்வண்டிகள் தோட்டத்துப் பாதையில் ஓட வேண்டியிருக்கிறது. டிராக்டர் சக்கரங்கள் இருபுறமும் பள்ளம் பறித்து, நடுவில் மேடு நிற்கும் பாதையில் பாரம் ஏற்றிய கார் தாழ்ந்து செல்லும். அப்போது மேட்டிலுள்ள கல் தட்டினால் முதலில் அடிபடுவது எஞ்சினுக்கு அடியில் உள்ள ஆயில் சேம்பர். இதைச் சம்ப் என்றும் சொல்வார்கள்.

எஞ்சின் ஆயில் முழுவதும் இந்தச் சேம்பரில்தான் தங்குகிறது. அங்கிருந்து ஆயில் பம்ப் அதை உறிஞ்சி, கிராங்க் ஷாஃப்ட், பேரிங் ஆகிய பாகங்களுக்கு அனுப்புகிறது. சேம்பர் உடைந்து ஆயில் வடிந்தபின் சில நிமிடங்கள் ஓட்டினாலும் பேரிங் தேய்ந்து எஞ்சின் பிடித்துக்கொள்ளும். சேம்பரை மாற்றும் செலவு சிறிது; எஞ்சினைப் பிரித்து வேலை பார்க்கும் செலவோ ஒரு போக வருமானத்தையே விழுங்கிவிடும்.

அடிபட்டவுடன் செய்ய வேண்டியது

அடியில் பலத்த சத்தம் கேட்டால் வண்டியை நிறுத்திக் குனிந்து பார்க்க வேண்டும். ஆயில் சொட்டினாலோ, ஆயில் விளக்கு எரிந்தாலோ, எஞ்சினை உடனே அணைத்துவிட வேண்டும். சந்தைக்கு நேரமாகிறது என்று ஓட்டிச் செல்லக் கூடாது. சரக்கை வேறு வண்டியில் அனுப்பிவிட்டு, பழுதான வண்டியைக் கட்டி இழுத்து வருவதே சரி.

ஆயில் ஒழுகவில்லை என்றாலும் அலட்சியம் கூடாது. தகட்டுச் சேம்பர் உள்நோக்கி நசுங்கினால், ஆயில் உறிஞ்சும் சல்லடையின் வாயை அடைத்துவிடும். ஆயில் நிறைய இருந்தும் பம்புக்கு அது கிடைக்காது. அலுமினியச் சேம்பர் நசுங்காமல் விரிசல் விடும். எம்-சீல் போன்ற பசையை வைத்து அடைப்பது தற்காலிக வழியே. எண்ணெய்ப் பசை உள்ள இடத்தில் அது ஒட்டாது.

கழற்றும் முறை

வண்டியைச் சமதளமான, கெட்டியான தரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்க வேண்டும். ஜாக்கியால் தூக்கியபின் இரும்பு ஸ்டாண்டுகளின் மேல் இறக்கி நிறுத்த வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பியோ, செங்கல்லை அடுக்கியோ வண்டிக்கு அடியில் படுப்பது உயிருக்கே ஆபத்து. பாட்டரியின் நெகட்டிவ் வயரையும் கழற்றிவிட வேண்டும்.

மீதியுள்ள ஆயிலை அடிபோல்ட் வழியாக அகன்ற பாத்திரத்தில் பிடிக்கவும். குறுக்கே சைலன்சர் குழாயோ வேறு பாகமோ இருந்தால் முதலில் கழற்ற வேண்டும். சில வண்டிகளில் எஞ்சினையே சற்றுத் தூக்கினால்தான் சேம்பர் வெளியே வரும். அத்தகைய வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விடுவது நல்லது.

போல்ட்டுகளை ஒரேயடியாகக் கழற்றாமல், எதிரெதிராகச் சிறிது சிறிதாகத் தளர்த்த வேண்டும். இரு முனைகளிலும் ஒவ்வொரு போல்ட்டைக் கடைசிவரை விட்டுவைத்தால் சேம்பர் திடீரென்று முகத்தில் விழாது. போல்ட்டுகள் நீளத்தில் மாறுபடலாம். ஆகவே ஓர் அட்டையில் சேம்பரின் வடிவத்தை வரைந்து, அந்தந்த இடத்தில் குத்தி வைக்கவும். ஒட்டிக்கொண்ட சேம்பரை ரப்பர் சுத்தியலால் பக்கவாட்டில் தட்டவும். ஸ்குரூ டிரைவரைச் செருகி நெம்பினால் பொருத்து முகம் கீறிப் பிறகு ஒழுகும்.

உள்ளே பார்க்க வேண்டியவை

சேம்பரின் அடியில் பளபளக்கும் உலோகத் துகள்கள் கிடந்தால் பேரிங் தேய்ந்திருக்கிறது என்று பொருள். அப்போது சேம்பரை மட்டும் மாற்றிப் பயனில்லை. மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும். சல்லடையும் அதன் குழாயும் வளைந்தோ விரிசல் விட்டோ உள்ளனவா என்று பார்த்துக் கழுவவும்.

மாட்டும் முறை

எஞ்சினின் அடிமுகத்தில் ஒட்டியுள்ள பழைய பேக்கிங்கைச் சுரண்டி, ஆயில் பசை இல்லாமல் துடைக்க வேண்டும். சுரண்டிய துகள் உள்ளே விழக் கூடாது. வண்டிக்கு உரிய பேக்கிங்கை வைக்கவும். சிலிக்கான் பசை பூசும் வகையானால், சுமார் 3 மி.மீ. கனத்தில், போல்ட் துளைகளின் உட்புறமாக இடைவெளியின்றிப் பூச வேண்டும். அதிகம் பூசினால் உள்ளே பிதுங்கிச் சல்லடையை அடைக்கும்.

எல்லாப் போல்ட்டுகளையும் முதலில் கையால் மாட்டி, பிறகு நடுவிலிருந்து இரு முனைகளை நோக்கி இரண்டு மூன்று சுற்றுகளாக முடுக்கவும். வண்டியின் கையேட்டில் உள்ள அளவே சரியானது. பொதுவாக 6 மி.மீ. போல்ட்டுக்கு ஏறத்தாழ 1 கிலோகிராம் மீட்டர் போதும். 20 செ.மீ. நீள ஸ்பேனரின் நுனியில் 5 கிலோ எடையைத் தொங்கவிட்டால் உண்டாகும் இறுக்கம் அது. பலம் கொண்ட மட்டும் முடுக்கினால் தகடு வளைந்து ஒழுகும். அலுமினியத்தில் மரை அறுந்துவிடும்.

பசை காய, அதன் உறையில் குறித்துள்ள நேரம் விட வேண்டும். அடிபோல்ட்டுக்குப் புது வாஷரும், புது ஆயில் ஃபில்டரும் போட்டு, கையேட்டின்படி ஆயில் ஊற்றிக் குச்சியால் அளவு பார்க்கவும். எஞ்சினை ஓட்டியதும் சில விநாடிகளில் ஆயில் விளக்கு அணைய வேண்டும். அணையாவிட்டாலோ, எஞ்சினில் தட்டும் சத்தம் கேட்டாலோ உடனே நிறுத்திவிட வேண்டும். மறுநாளும் ஒழுக்கு உண்டா என்று பார்க்கவும்.

கவனத்தில் கொள்க

பழைய ஆயிலை வாய்க்காலிலோ வரப்பிலோ ஊற்றக் கூடாது. அதிலுள்ள உலோகங்கள் மண்ணையும் கிணற்று நீரையும் கெடுக்கும். மூடியுள்ள கேனில் சேர்த்து, அனுமதி பெற்ற கழிவு ஆயில் சேகரிப்பவரிடம் கொடுக்கவும். கையில் பட்டதைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

இம்முறை கார், ஜீப்புக்கு உரியது. பல டிராக்டர்களில் சம்ப் கனமான வார்ப்பிரும்பால் ஆனது. முன் அச்சின் பாரத்தையே அது தாங்குகிறது. அதை வீட்டில் கழற்ற முற்படக் கூடாது.

பாதையின் நடுமேட்டைச் செதுக்கி, கல்லை அப்புறப்படுத்த அரை நாள் வேலை போதும். அத்துடன் எஞ்சினுக்கு அடியில் இரும்புத் தகட்டுக் காப்பும் பொருத்திக்கொண்டால், சேம்பரை மாற்ற வேண்டிய அவசியம் பெரும்பாலும் ஏற்படாது.